கரையில் கட்டிய தொட்டில்கள்

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு புரட்டாசி மாதத்தில் நடந்தது இது. இதைப் படிக்கிற பிள்ளைகளே, நீங்கள் யாரும் அப்போது பிறந்திருக்க மாட்டீர்கள். என் பிள்ளைகளும் பிறக்கவில்லை.

அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு சின்ன அணைக்கட்டில் எனக்குக் கரை பார்க்கும் வேலை. அணை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓர் ஓடையை மறித்து மண்ணால் போட்ட கரை, அதற்குப் பின்னால் தேங்கிய தண்ணீர், அதில் காலால் மிதித்து ஓட்டுகிற படகுகள், பக்கத்தில் ஊஞ்சலும் சறுக்குமரமும் உள்ள பூங்கா. அவ்வளவுதான். எங்கள் பக்கம் எல்லாரும் அதைப் படகுக் குளம் என்றுதான் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் திருநெல்வேலியிலிருந்தும் தென்காசியிலிருந்தும் கட்டுச்சோறோடு வந்து இறங்குவார்கள். கரையில் முளைக்கிற முள்ளை வெட்டுவது, நண்டு போட்ட பொந்துகளை மண் வைத்து அடைப்பது, மதகு ஷட்டரின் திருகுக்குக் கிரீஸ் தடவுவது, உபரித் தண்ணீர் வழிகிற கலுங்கில் சிக்கும் குப்பையை எடுப்பது, இதெல்லாம் என் வேலை.

கரையின் நடுவில் ஓர் அரசமரம் நின்றது. யாரும் வைத்ததில்லை. பறவை போட்ட விதையில் முளைத்து, அப்போதே பிடுங்காமல் விட்டதால் மரமாகிவிட்டது. அதன் அடியில் சாமி எதுவும் கிடையாது. ஆனாலும் குழந்தை வேண்டுகிற பெண்கள் அதில் தொட்டில் கட்டுவார்கள். உள்ளங்கை அகலத்துக்குப் பழைய சேலைத் துணி, அதற்குள் குழந்தைக்குப் பதிலாக ஒரு கூழாங்கல். பிள்ளை பிறந்ததும் தூக்கிக்கொண்டு வந்து, கட்டியவளே அதை அவிழ்க்க வேண்டும் என்பது வழக்கம். வீட்டுக்காரரைப் படகுச் சீட்டு வாங்க அனுப்பிவிட்டு, ஒருத்தி மட்டும் பைய கரை மேல் ஏறிப் போனால் எதற்கென்று எனக்குத் தெரிந்துவிடும். நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

என் மனைவியும் கட்டியிருந்தாள். எங்களுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. கல்யாணச் சேலையின் ஓரத்தைக் கிழித்துக் கட்டியது, கத்தரிப்பூ நிறம். காலையில் வேலைக்குப் போனதும் என் கண் முதலில் அதைத்தான் தேடும். அதைப் பார்த்த பிறகுதான் மண்வெட்டியை எடுப்பேன். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கேட்பாள், “இருக்கா?” நான் “இருக்கு” என்பேன். அதைப் பற்றி எங்களுக்குள் வேறு பேச்சே கிடையாது.

அந்தப் புரட்டாசியில், மரத்துக்கு நேர் கீழே, கரையின் வெளிப்பக்க அடிவாரத்தில் ஓரிடத்தில் மட்டும் புல் பச்சைப் பசேலென்று நிற்பதைப் பார்த்தேன். மழையே இல்லாத நேரம். காலை வைத்தால் சொதசொதவென்று புதைந்தது. அணையைப் பார்க்கும் ஓவர்சியரிடம் போய்ச் சொன்னேன். அவர் வந்து அந்த இடத்தில் ஒரு குழி தோண்டச் சொன்னார். ஊறி வந்த தண்ணீரைக் கண்ணாடித் தம்ளரில் மொண்டு வெயிலுக்கு நேராகப் பிடித்தார்.

“தெளிஞ்ச தண்ணியா இருந்தாப் பெரிசா பயமில்ல வே. மண்ணுக் கரைன்னா கொஞ்சம் கசியத்தான் செய்யும். இது கலங்கலா வருது பாரும். உள்ள இருக்க மண்ணை அரிச்சு இழுத்துட்டு வருது.”

காரணம் அந்த மரம்தான் என்றார். வேர் கரைக்குள் நெடுக ஓடும். அதில் ஒரு வேர் செத்து உளுத்துப் போனால் அது இருந்த இடம் குழாய் மாதிரி ஆகிவிடும். தண்ணீருக்கு அந்த வழி போதும். குளத்தின் நீர்மட்டத்தை இறக்கி, மரத்தை வெட்டி, வேரைத் தோண்டியெடுத்து, களிமண் போட்டு இடித்துக் கெட்டியாக்க வேண்டும். ஐப்பசி மழை தொடங்குவதற்குள் எல்லாம் முடிய வேண்டும். ஷட்டரைத் தூக்கினோம். தண்ணீர் இறங்க இறங்கப் படகுகள் சேற்றில் சாய்ந்து உட்கார்ந்தன.

மரம் வெட்ட ஓர் அண்ணாச்சி வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தவர், அண்ணாந்து பார்த்ததும் கோடாலியைக் கீழே வைத்துவிட்டார்.

“தொட்டில் தொங்குத மரத்துல நான் எப்படி வே கோடாலி போட? எனக்கும் பொம்பளப் புள்ளைய இருக்கு.”

“அவுத்துப் போட்டுட்டு வெட்டும்” என்றார் படகுகளைப் பார்த்துக்கொள்கிறவர்.

“நீரு கட்டுனேரா, நீரு அவுக்கதுக்கு? கட்டுனவ வந்து அவுக்கட்டும். அதுவரைக்கும் நான் இந்த நிழல்லயே உக்காந்திருக்கேன்.”

உட்கார்ந்தும்விட்டார். ஓவர்சியர் அதட்டிப் பார்த்தார், பிறகு கெஞ்சிப் பார்த்தார். அண்ணாச்சி அசையவில்லை. எந்தெந்த ஊரிலிருந்தோ வந்து கட்டிவிட்டுப் போன பெண்களை எங்கே போய்த் தேடுவது? மேற்கே மலை உச்சியில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. படகுக்காரர் என் பக்கம் திரும்பினார்.

“ஏலே, உன் வீட்டுத் தொட்டிலும் அங்கனதானே தொங்குது. உன் பொண்டாட்டியக் கூட்டிட்டு வாயேம்லே.”

அவளிடம் எதை வேண்டுமானாலும் கேட்டிருப்பேன், அதை மட்டும் கேட்க எனக்கு வாய் வராது.

அன்று சாயங்காலமும் அவள் “இருக்கா?” என்றாள். “இருக்கு” என்று சொல்லிவிட்டு, நடந்ததை எல்லாம் சொன்னேன்.

“வெட்டிருவியளா?”

“மழைக்கு முன்னால வெட்டணுங்காங்க.”

“வேற எங்கனயும் கசியலயா? அந்த மரத்துக்குக் கீழ மட்டுந்தானா?”

“அங்கன மட்டுந்தான்.”

அவள் எழுந்து போய்ப் படுத்துவிட்டாள். சாப்பிடவும் இல்லை.

மறுநாள் மத்தியானம் தூக்குச்சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு அவளே வந்து நின்றாள். எப்போதும் நான்தான் காலையில் கையோடு கொண்டுபோவேன். சட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, கசிகிற இடத்தைக் காட்டச் சொன்னாள். அந்தச் சேற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பக்கத்தில் நின்ற ஓவர்சியரிடம் கேட்டாள், “இது உடைஞ்சா தண்ணி எங்கன போவும் சார்?”

அவர் கையை நீட்டிக் காட்டினார். “நேரா அந்தக் குடிசைகளுக்குத்தான் தாயி.”

கரையை ஒட்டியே, செங்கல் சூளையில் வேலை பார்க்கிறவர்களின் குடிசைகள் அவை. நான் தினமும் தாண்டிப் போகிற இடம். அந்த நேரம் ஆட்களெல்லாம் சூளையில் இருந்தார்கள். ஒரு குடிசை வாசலில், பந்தல் கம்பில், சேலைத் தொட்டில் தொங்கியது. உள்ளே பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. துணிக்கு வெளியே ஒரு குதிகால் மட்டும் தெரிந்தது. காற்றுக்குத் தொட்டில் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

அவள் அதைப் பார்த்தபடி நின்றாள். என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியாது. பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரை மேல் ஏறினாள்.

“அண்ணாச்சி, கட்டுனவ அவுத்தா வெட்டுவியளா?”

“வெட்டுதேன் தாயி. ஆனா எல்லாத்தையும்லா அவுக்கணும்.”

“நானும் கட்டுனவதான். எல்லாருக்குமாச் சேத்து நானே அவுக்கேன்.”

அண்ணாச்சி எழுந்து நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டார். அவள் முதலில் எங்கள் தொட்டிலை அவிழ்த்தாள். பிறகு மற்றவை. மழையிலும் வெயிலிலும் கிடந்து முடிச்சுகள் இறுகிப் போயிருந்தன. யாரோ அரிவாள் கொடுத்தார்கள். வேண்டாம் என்றுவிட்டாள். நகத்தாலும் பல்லாலும் ஒவ்வொன்றாக அவிழ்த்து, கல் கீழே விழாமல் முந்தியில் சேர்த்தாள். வெயில் தாழ்ந்துவிட்டது முடிப்பதற்குள். கோடாலிச் சத்தம் கேட்பதற்கு முன் அவள் அங்கிருந்து இறங்கிப் போய்விட்டாள்.

பூங்காவில் சீட்டுக் கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வேம்பு உண்டு. கரைக்கும் அதற்கும் நல்ல தூரம். எல்லாத் தொட்டில்களையும் கொண்டுபோய் அதில் கட்டினாள்.

வேரைத் தோண்டும்போது உளுத்துப்போன ஒரு வேரின் ஓரமாக என் கை தோள் வரைக்கும் உள்ளே போனது. ஓவர்சியரும் கையை விட்டுப் பார்த்தார். வெளியே எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். களிமண்ணை ஒரு சாண் கனத்துக்குப் பரப்பித் தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்து, அதன்மேல் அடுத்த பரப்பு. இப்படியே மேலே வந்து, கடைசியில் அருகம்புல் பதித்தோம்.

ஐப்பசி மழை அந்த வருஷம் சாதாரண மழை இல்லை. குளம் நிறைந்து கலுங்கு வழிந்தது. நான் கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கரையின் அடிவாரத்தில் போய் நின்று பார்த்தேன். மேலிருந்து விழுகிற மழைத் தண்ணீர்தான் ஓடியது, உள்ளிருந்து ஒரு சொட்டு வரவில்லை. குடிசைகளில் அடுப்புப் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

தை பிறந்ததும், பொங்கல் கூட்டத்தில் ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து, மரம் இருந்த இடத்தில் திகைத்து நின்றாள். அன்று என் மனைவியும் வந்திருந்தாள். அவளே அந்தப் பெண்ணை வேம்புக்குக் கூட்டிப் போனாள். எல்லாத் துணிகளும் வெளுத்துப் போயிருந்தன. அந்தப் பெண் சுற்றிச் சுற்றித் தேடிவிட்டு ஒன்றைத் தொட்டாள்.

“இதுதான்னு நெனைக்கேன்க்கா. வெளிறிப் போச்சு, ஆனா கத்தரிப்பூ நெறந்தான்.”

எங்களுடையது. நான் வாயைத் திறந்தேன். மனைவி என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள்.

“அந்த முடிச்சு இறுகலா இருக்கும்மா. பைய அவுரு. புள்ளைய எங்கிட்டத் தா” என்றாள். அந்தப் பெண் அவிழ்த்து முடிக்கும்வரை குழந்தை இவள் தோளில் கிடந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது நான் கேட்டேன். “அது நம்மதுல்லா?”

“தெரியும்.”

“பெறவு ஏன் சொல்லல?”

“புள்ளையக் கையில வச்சிட்டு அவ எவ்வளவு சந்தோசமா நின்னா. அவகிட்டப் போயி இது ஒன்னோடது இல்லன்னு சொல்லணுமாக்கும்?” கொஞ்ச தூரம் நடந்த பிறகு, “அவுந்தா நல்லதுதானே” என்றாள்.

மறுநாள் சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் ஒன்றும் கேட்கவில்லை. சொல்ல என்னிடமும் ஒன்றும் இல்லை. அந்த மௌனம் எங்கள் வீட்டில் வெகு நாள் இருந்தது.

சில வருஷம் கழித்து மூத்தவள் பிறந்தாள், பிறகு இளையவன். வேண்டுதலால் பிறந்தார்களா, பாளையங்கோட்டையில் பார்த்த வைத்தியத்தால் பிறந்தார்களா, எனக்குத் தெரியாது. என் மனைவி இரண்டுக்கும் நன்றி சொல்வாள்.

அத்தனை நாளும் நான் அந்தக் கரையில் அண்ணாந்து பார்த்துக்கொண்டேதான் நடந்தேன். ஏங்குகிற மனசாலும் கீழே குனிந்து பார்க்க முடியும் என்று காட்டியவள் அவள்தான். இன்றும் எதற்காவது மனம் கிடந்து ஏங்கும்போது, கரைக்குக் கீழே யார் பிள்ளை தூங்குகிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.