எட்டாவது மாடியில் உடையும் சத்தம்

"உங்க லிஃப்ட் ஊளையிடுதும்மா" என்றார் தொலைபேசியில் ஒரு அம்மா.

"எந்த மாடிங்க?" என்று கேட்டேன்.

"எட்டாவது. கீழே கிளம்பும்போது எருமை மாதிரி கத்துது. ஏற ஏற கொசு மாதிரி சன்னமாகுது. சரியா என் வாசலுக்கு வந்ததும் புஸ்ஸுன்னு உடைஞ்சுபோகுது."

"தினமுமாங்க?"

"செவ்வாய், வெள்ளி மட்டும். லிஃப்டுக்குக் கிழமையெல்லாம் தெரியுமா என்ன? அந்தச் சிரிச்ச மூஞ்சி மெக்கானிக்கை அனுப்புங்க. நல்ல மனுஷன்."

லிஃப்ட் நிறுவனத்தில் புகார்களை இரண்டு மொழிகளில் கேட்டு, ஒரு மொழியில் எழுதிவைப்பது என் வேலை. அந்தச் சிரித்த முகத்துக்காரர் என் சித்தப்பா.

இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் மெக்கானிக். பதினொரு வருடமாக ஒரு பேண்டு குழுவில் மூன்றாவது டிரம்பெட். மூன்றாவது ஆளுக்கு மேல்ஸ்தாயி வாய்க்காது; மற்றவர்கள் பறக்கும்போது கீழே நின்று ஆமாம் போட வேண்டியதுதான். முதல் டிரம்பெட்காரர் வேறு ஊருக்குப் போய்விட, காலியான நாற்காலிக்குத் தேர்வு அறிவித்தார் குழுவை நடத்தும் பல் டாக்டர். உச்சிச் சுரத்தை நான்கு எண்ணும்வரை பிசிறில்லாமல் பிடிப்பவருக்கே நாற்காலி. சித்தப்பாவுக்கு வயது ஐம்பத்து மூன்று.

"இந்தத் தடவை விட்டா, அப்புறம் என் பல்லு இடம் கொடுக்காது. டாக்டரே சொல்லிட்டார்" என்றார்.

வீட்டில் ஊத வழியில்லை. "ஒண்ணு அது இருக்கட்டும், இல்ல நான் இருக்கேன். அவசரமில்ல, யோசிச்சுச் சொல்லுங்க" என்றிருந்தாள் சித்தி. ஆகவே டிரம்பெட் அலமாரிக்குப் போனது. அதன் மௌத்பீஸ் மட்டும் சட்டைப்பையில் ஏறிக்கொண்டது. உதடுகளைச் சேர்த்து அதற்குள் ஊதினால் ரீங்காரம் எழும். காற்றின் வேகம் கூடக் கூடச் சுரம் ஏறும். பராமரிப்புக்குப் போகும் அந்தப் பதினான்கு மாடிக் கட்டடத்தில், காலி லிஃப்டுக்குள் நின்று, மாடிக்கு ஒரு படியாகச் சுரத்தை ஏற்றிக்கொண்டே போவார்.

புகாரை எடுத்துக்கொண்டு போனவருக்குத் துளிகூடச் சந்தேகம் வரவில்லை. இரண்டு மணி நேரம் உருளைகளைத் துடைத்து எண்ணெய் போட்டிருக்கிறார். சுவரில் காதை ஒட்டியபடி மேலும் கீழும் போயிருக்கிறார். சத்தமே இல்லை. எப்படி இருக்கும்? மௌத்பீஸ் பையில் அல்லவா இருந்தது! "தங்கமா இருக்கு உங்க லிஃப்ட்" என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு இறங்கியவர், வேலை முடிந்த சந்தோஷத்தில் ஊதிக்கொண்டே இன்னொரு சுற்று மேலே போனார்.

பத்தே நிமிடத்தில் எனக்கு போன். "உங்க ஆள் தலை மறைஞ்சதும் மறுபடி ஆரம்பிச்சிடுச்சு!"

புகார் நோட்டையும் அவருடைய பணி அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் அதே செவ்வாய், அதே வெள்ளி. சாயங்காலம் அவர் வந்ததும் மெதுவாகக் கேட்டேன்.

"சித்தப்பா, லிஃப்டுல மௌத்பீஸ் ஊதினீங்களா?"

"ஆமா, ஏன்?" என்றவர், "ஐயையோ!" என்று உதிரிபாகப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். சிரித்துச் சிரித்து இருவருக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது. திடீரென்று நிறுத்தினார்.

"எங்க உடையுதுன்னாங்க?"

"எட்டாவது மாடியில."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

"ஏழு தாண்டினதும் பயந்துபோய் உதட்டுல வெச்சு அழுத்தறேன்! நசுங்கின உதடு எப்படி அதிரும்? அழுத்தாதீங்கன்னு டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டார், எனக்கு ஏறல" என்று துள்ளி எழுந்தார். உதட்டைச் சுற்றிச் சிவப்பு வளையம் பதிந்திருந்தது.

அன்றிலிருந்து கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் மௌத்பீஸைத் தொட்டன. அழுத்த நினைத்தால் நழுவிவிடும். ஒன்பதாவது மாடி கைக்கு வந்தது. ஒரு நாள் போனில், "பதினொண்ணு!" என்று கத்தினார். "சித்தப்பா, இன்னொரு லைன்ல ஆள் இருக்காங்க" என்றேன். "அவங்ககிட்டயும் சொல்லு!"

இப்போது முதல் நாற்காலி அவருடையதுதான். ஆனால் தேர்வுக்கு முந்தின நாள், அந்த வெள்ளிக்கிழமை, அது யாருக்கும் தெரியாது. கட்டட வாசலிலிருந்து மூச்சு வாங்க என்னை அழைத்தார்.

"பதினாலு வரைக்கும் போச்சும்மா! ஆனா நானே ஊதி நானே கேட்டா நம்ப முடியுமா? நீ கேட்டா என் மனசு கோணாமத்தான் சொல்லுவே. அந்த அம்மா அப்படியில்ல. ஆபீஸ்ல இருந்து விசாரிக்கிற மாதிரி ஒரு போன் போட்டு, இன்னைக்கு லிஃப்ட் எந்த மாடியில உடைஞ்சுதுன்னு கேட்டுச் சொல்லேன்."