கழுத்துக் கத்திக்குக் கட்டிய நூல்

கரும்புக்கட்டின் கயிற்றை அறுக்க இடுப்பில் செருகும் கத்தி அடிக்கடி காய்ந்த கரும்புச் சோகைக்குள் விழுந்து தொலைந்தது. அதனால் புத்தூர்க் கொல்லரிடம் விரல் நீளக் கத்தியும் உறையும் செய்து வாங்கி, எதற்கும் அறாத தோல் வாரில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். வியர்வையில் வார் உரசிக் கழுத்து புண்ணானது. என்னைக் கேட்காமலே மனைவி வாரை எடுத்துவிட்டு நூல் கட்டிவிட்டாள்.

"இது எத்தினி நாளு தாங்கும்?" என்று கத்தினேன்.

"அறுந்தா வேற கட்டிக்கினா போச்சி" என்றாள்.

மறுநாள் மாடு சுற்றும் கரும்பாலையில் குனிந்து இரும்பு உருளைகளுக்குக் கரும்பு கொடுத்துக்கொண்டிருந்தேன். எந்த ஊர் எந்த மாநிலத்துக்கு என்ற எல்லைப் பேச்சு ஓயாத சமயம். மாட்டை ஓட்டிய மைத்துனன், "மாமா, நம்ம ஊரு மெட்ராசுக்குப் போவுதாமே, நெசமா?" என்றான். பதில் சொல்லத் திரும்பினேன். தொங்கிய கத்தி கரும்போடு உருளைகளுக்கு நடுவே போய்விட்டது. தலை இழுபட்டது. நெற்றி இரும்பில் படும் முன் நூல் அறுந்தது.

மைத்துனன் மாட்டை நிறுத்தினான். கத்தி வளைந்து கிடந்தது.

இப்போது ஆலையில் உட்காருமுன் கத்தியைக் கழற்றிவிடுகிறேன். மற்ற நேரங்களில் நூலில்தான், தொண்டைக்குழியோடு நிற்கும்படி குட்டையாக. காலையில் கழுத்தில் மாட்டிக்கொள்ளுமுன் நூலைச் சுண்டி இழுத்துப் பார்ப்பேன். அறுந்தால் நிம்மதியாக வேறு கட்டிக்கொள்வேன். அறாவிட்டால்தான் பயமாக இருக்கிறது.