முறுக்கிய பொன்கம்பி

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருபது நிமிடத்துக்கு என் மகள் பாயில் படுத்தபடியே, "அப்பா, காது தன்பாட்டிலை துடிக்குது" என்றாள். அப்போது நான் ஏன் கடிகாரத்தைப் பார்த்தேன் என்று தெரியவில்லை. அதன்பின் அன்று முழுவதும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இது நடந்து மூன்று வருடமாகிறது. யுத்தமும் முடிந்துவிட்டது. மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. வலது காதுச் சோணையில் நெல்லளவு தழும்பு. தலைவாரிவிடும்போது அது கண்ணில் பட்டால் இன்னும் என் கை நின்றுவிடும்.

மனைவி காலமான பிறகு வெள்ளவத்தை வீட்டில் நானும் மகளும் மட்டும்தான். ஒன்பது வயதாகியும் பிள்ளைக்குக் காது குத்தவில்லையே என்று யாழ்ப்பாணத்திலிருந்து மைத்துனர் கடிதத்துக்குக் கடிதம் கேட்பார். தாய்மாமன் மடியில் இருத்தித்தான் குத்த வேண்டும். ஆனால் ஜப்பான்காரன் போடும் குண்டுக்குப் பயந்து அவர் கொழும்புப் பக்கம் வரமாட்டார். கடைசியில் நானே அவளைக் கொட்டாஞ்சேனையில் நகை செய்யும் எங்கள் ஊர்ப் பத்தரிடம் கூட்டிப்போனேன்.

நான் சரித்திரம் படிப்பிக்கிறவன். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பேசுவதற்கு வளர்ந்த ஆள் இல்லாத வீட்டில், பழங்கால நகைகளைப் பற்றிக் குறிப்பெழுதுவதுதான் எனக்குத் துணை. சுமேரியாவிலும் எகிப்திலும் கம்பி இழுக்கும் அச்சு இருக்கவில்லை. பொன்னைத் தகடாகத் தட்டி, புல்லிலும் ஒடுக்கமான கீற்றாக வெட்டி, அதை முறுக்கி, இரண்டு தட்டைக் கற்களுக்கிடையில் உருட்டிக் கம்பியாக்கினார்கள். முறுக்கின் விளிம்பு கொடிபோலக் கம்பியைச் சுற்றி ஓடும். அப்படி ஒரு சிறு வளையத்தைப் பழம்பொருள்கள் வைத்திருக்கும் நூதனசாலையில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த நாளிலிருந்து, என் மகளின் முதல் நகை அதுவாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் என்னைப் பிடித்துக்கொண்டது.

பத்தர் சிரித்தார். "மாஸ்ரர், அச்சுக்குள்ளை விட்டு இழுத்தா வழவழ எண்டு கம்பி வரும். நீங்கள் என்னத்துக்கு ராசா காலத்துக்குப் பின்னுக்கு ஓடுறியள்?"

திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து அவருடைய மனைவியின் குரல் வந்தது. "பாக்க வடிவாத்தான் இருக்கும். புண்ணுக்கு வடிவு தெரியாது, மாஸ்ரர்."

புண் ஆறும்வரை இழுத்த கம்பியைப் போட்டுவிட்டு, பிறகு இதை மாற்றலாம் என்றார் பத்தர். நான் கேட்கவில்லை. படித்தவன் சொன்னால் மறுக்கக் கூடாது என்றோ என்னவோ, அவரும் பிறகு பேசவில்லை. அடுத்த கிழமை வளையம் இரண்டும் தயாராக இருந்தன. காதுகளைக் குத்தி வளையங்களைப் போட்டுவிட்டு, முனைகளையும் நான் படத்தில் காட்டியபடி ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றி இறுக்கிவிட்டார்.

காது குத்தினால் தினமும் எண்ணெய் விட்டு வளையத்தைத் திருப்பிவிட வேண்டும். நான் ஒழுங்காகத் திருப்பினேன். திருப்பத் திருப்ப அந்த விளிம்பு அரம்போல உள்ளே அராவியிருக்கிறது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் நோகும்தானே என்று நான் நினைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை இடது காது சிவந்ததோடு நிற்க, வலது காது மாங்கொட்டைபோல வீங்கி, வளையம் சதைக்குள் புதைந்திருந்தது. உடம்பு கொதித்தது. மத்தியானம் வைத்தியம் பார்க்க வந்த அப்போதிக்கரி தன் கத்தரிக்கோலை உள்ளே விட்டுப் பார்த்தார். பிள்ளை அலறியதும் எடுத்துவிட்டார்.

"பொழுதுபடமுன்னம் இது வெளியிலை வரோணும். விஷம் தலைக்கு ஏறினா என்னாலை ஒண்டும் செய்யேலாது. நான் வெட்டினா சோணை கிழியும். ஆஸ்பத்திரியிலை எண்டாலும் வெட்டித்தான் எடுப்பினம். செய்தவனைக் கூப்பிடுங்கோ."

அடுத்த வீட்டு முஸ்லிம் வியாபாரி அப்போதுதான் கொச்சிக்கடையில் உள்ள தன் சரக்குக் கிட்டங்கிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். "நீங்க புள்ளைய உட்டுட்டு வரவாணாம் மாஸ்டர். நான் நேரா பத்தர்ட போய்ச் சொல்றேன்" என்று வேகமாக நடந்தார்.

பிறகு வீட்டில் நானும் கடிகாரமும் அவளுடைய மூச்சும்தான். ஈரத்துணியை மாற்றினேன். கடற்கரைப் பக்கம் ரயில் போகும்போதெல்லாம் படலையை எட்டிப் பார்த்தேன். மேசையில் என் குறிப்புகள் கிடந்தன. பழைய புதைகுழிகளைத் திறந்தவர்கள் எழுதியதை நானே அதில் பிரதி செய்திருந்தேன். சதை போய்விடும், எலும்பும் மண்ணாகிவிடும், பொன் மட்டும் கெடாமல் காது இருந்த இடத்தில் அப்படியே கிடக்கும். சிறுமிகளின் குழிகளிலும் அப்படித்தான். அதைப் பிரதி செய்த நாளில் பொன்னின் பெருமையைத்தான் யோசித்தேன். அந்தச் சிறுமிகளுக்கு அந்த வளையங்களை யார் போட்டுவிட்டிருப்பார்கள் என்று அன்றுதான் முதல் தடவையாக யோசித்தேன். குறிப்புக் கடிதாசிகளை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தேன். மனைவி இருந்திருந்தால் முதல் நாளே, "விசரே உங்களுக்கு" என்று சொல்லி வளையத்தைத் திருப்பிக் கொடுத்திருப்பாள். அப்படிச் சொல்ல அந்த வீட்டில் ஒருவரும் இல்லை.

மூன்று மணியானது. நாலும் ஆனது. மகள் என்னைப் பார்த்து, "அம்மா வாறாவா?" என்று கேட்டாள். ஈரத்துணியை மறுபடி நனைத்து அவள் நெற்றியில் போட்டேன்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் படலை திறந்தது. பத்தர் வரவில்லை. அவருடைய மனைவி தனியாக வந்திருந்தார், கையில் ஒரு சிறிய தகரப்பெட்டியோடு. பஸ் கிடைக்காமல் பாதித்தூரம் நடந்திருக்கிறார்; செருப்பில்லாத கால் முழுக்கப் புழுதி. என்னிடம் ஒன்றும் கேட்காமல் பிள்ளையின் பக்கத்தில் குந்தி, காதை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். பெட்டியைத் திறந்து ஊசிமுனைக் குறடு ஒன்றை எடுத்தார்.

"அவர் விடிய யாழ்ப்பாண ரயில் ஏறிட்டார், மாஸ்ரர். அவர் நிண்டிருந்தாலும் என்னைத்தான் அனுப்பியிருப்பார். இந்தக் கீற்றை முறுக்கினது என்ரை கை. முனையையும் அந்த முறுக்கின்ரை போக்கிலைதான் அவர் சுத்தினவர். எந்தப் பக்கம் திருப்பினா தளரும் எண்டு எனக்குத்தான் தெரியும். பிள்ளையை உங்கடை மடியிலை தூக்கி வைச்சுத் தலையை ஆடாமல் பிடியுங்கோ."