வேப்பிலை கட்டாத படலை

நேற்று நெளுக்குளத்தில் ஒரு வீட்டு இரும்புக் கேற்றில் கட்டியிருந்த வேப்பிலைக் கொத்தின் கசப்பு மணம் பட்டதும், தர்மபுரத்தில் இப்போது பற்றைக்காடு மூடிக் கிடக்கும் எங்கள் ஒழுங்கை, அந்தக் குறுகலான தெரு, நினைவுக்கு வந்தது; அதன் பதினொரு வீட்டு வாசல் படலைகளையும் குறிப்பேட்டில் வரிசையாக எழுதிப் பார்த்தேன், ஒன்றும் விடுபடவில்லை. அம்மாள் வருத்தம் என்கிற அம்மை நோய் வந்த வீட்டுப் படலையில் வேப்பிலை தொங்கும். வாளி கிணுகிணுக்கக் கிணற்றடிக்குப் போகும் பெண்கள் அதைப் பார்த்தே, எந்த வீட்டில் புதிதாகக் கொப்புளம், எந்த வீட்டில் தலைக்குத் தண்ணீர் வார்த்தாயிற்று என்று அறிந்து ஒதுங்கி நடப்பார்கள்.

எனக்குக் கொப்புளம் போட்ட வாரம் அக்காவைப் பெண் பார்க்க வரவிருந்தார்கள். வேப்பிலையைக் கண்டால் திரும்பிவிடுவார்கள் என்று அம்மா அதைக் கட்டவில்லை. வெறும் படலையை நம்பி, நிறைமாதமாக இருந்த பக்கத்து வீட்டு மலரக்கா வழமைபோல உள்ளே வந்து என் தலையை வாரினார்.

"என்ன மாமி, பிள்ளையின்ர முதுகில?"

"வேர்க்குருதானடி," என்றார் அம்மா.

மூன்றாம் வாரம் மலரக்காவுக்குக் கொப்புளமும் கடும் காய்ச்சலும் வந்து, ஆஸ்பத்திரியில் குழந்தை இறந்தே பிறந்தது. அவர் வெறுங்கையோடு வீடு திரும்பிய அன்று, அம்மா அவர்கள் வீட்டு வாசல்படியிலேயே நின்றுவிட்டார். மலரக்காதான் பாயில் படுத்தபடி முதலில் கேட்டார்:

"மாமி, பிள்ளைக்கு இப்ப சுகமே?"