மழைக்கோட்டுக்காரன் மேல் பொறாமை

பொறாமை எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. என் சைக்கிள் பெல்லை வேறொருவன் அடித்துவிட்டால்கூட அன்று முழுக்க அவனோடு பேசமாட்டேன். ஆனாலும் பென்சிலால் வரைந்த ஓர் ஆள்மேல் பொறாமைப்பட்டு, சோறு இறங்காமல் கிடந்தவன் இந்தத் திருவள்ளூர் மாவட்டத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

அந்த ஆளை வரைந்தவன் என்னுடையவன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கல்யாணம் செய்துகொண்டவர்களுக்கு வீட்டுக்காரர், வீட்டம்மா என்று வாயில் வந்து விழுகிறது. எங்களுக்கு ஒன்றும் இல்லை. ஊருக்கு அவன் என் ஃபிரண்டு. மீஞ்சூரில் எங்கள் தெருவுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடி ரூமில் தனியாக இருக்கிறான். குழந்தைப் பாட்டுகளுக்கு யானையும் பூனையும் ஆடுகிற கார்ட்டூன்களைச் செய்யும் சென்னைக் கம்பெனி ஒன்றில் அவனுக்கு வேலை. எனக்கு கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கம்பி இழுக்கிற ஆலையில் சூப்பர்வைசர் வேலை. காலையில் ஒரே ஸ்டேஷனுக்குப் போய், அவன் தெற்கே போகிற வண்டியிலும் நான் வடக்கே போகிற வண்டியிலும் ஏறுவோம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அவன் ரூமில் லேப்டாப்பில் படம் பார்ப்போம். கையால் வரைந்த, பேச்சே இல்லாத குட்டிப் படங்கள். எந்தெந்த நாட்டிலோ யார் யாரோ வருஷக்கணக்கில் உட்கார்ந்து வரைந்தவை. இரண்டு ஆண்கள் வருவார்கள், இல்லை இரண்டு பெண்கள். ஒருத்தி கண்ணாடியைத் துணிபோட்டு மூடிவைத்திருப்பாள், கடைசியில் துணியை எடுத்துத் தன் முகத்தைத் தானே பார்ப்பாள். முதல் தடவை பார்த்தபோது அதையே இன்னொரு தடவை போடச் சொன்னேன். பயமாகவும் இருந்தது. வசனம் இருந்தால் மொழி தெரியவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். இதில் வழியே இல்லை. எங்கம்மா வந்து உட்கார்ந்தால் அவளுக்கும் புரிந்துவிடும். அதனால் கதவைத் தாழ்போட்டுவிட்டுத்தான் பார்ப்பேன்.

அவனும் அப்படி ஒரு படம் எடுக்க ஆரம்பித்தான். கொளுத்துகிற வெயிலிலும் மழைக்கோட்டைக் கழற்றாமல் திரிகிற ஒருவனின் கதை. வேர்த்து ஊற்றுகிறது, ஊரே பார்க்கிறது, அவன் கழற்ற மாட்டான். தினமும் ஸ்டேஷன் பெஞ்சில் இன்னொருவனுக்குப் பக்கத்தில் வந்து உட்காருவான். கடைசியில் நிஜமாகவே மழை கொட்டுகிற நாளில் கோட்டைக் கழற்றி வீசிவிட்டு, நனைந்துகொண்டே அந்த இன்னொருவனின் தோளில் சாய்வான்.

"மழைல போய் கோட்ட கயட்டுறானே, லூசாடா அவன்?" என்று கேட்டேன்.

"உனக்கே புரியலன்னா வேற யாருக்குடா புரியும்" என்றான். நான் பேச்சை மாற்றினேன்.

எந்த அசைவையும் அவன் மனசிலிருந்து வரையமாட்டான். யாரையாவது நடிக்க வைத்துப் போனில் எடுத்து, அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, தாளின்மேல் தாள் வைத்து ஒவ்வொன்றாக வரைவான். அடியிலிருந்து வெளிச்சம் வர ஒரு கண்ணாடிப் பெட்டி வேண்டும். அதை நான்தான் செய்து கொடுத்தேன். இரும்புச் சட்டம் அறுத்து, வெல்டிங் வைத்து, மூலைகள் கையைக் கிழிக்காமல் அரத்தால் ராவி. அவனுக்கு நான் கொடுத்ததிலேயே பெரிய பொருள் அதுதான்.

கடைசிக் காட்சிக்கு என்னை நடிக்கக் கூப்பிட்டான். மீஞ்சூர் பிளாட்பாரத்தில், பெஞ்சில், அவன் தோளில் சாய வேண்டும். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முடியவே முடியாது என்றேன்.

எங்கள் பக்கம் ஆம்பளைப் பசங்கள் தோளில் கைபோட்டு நடப்பதையும், சுண்டுவிரல் கோத்துக்கொண்டு டீ குடிக்கப் போவதையும், ரயிலில் ஒருவன் மடியில் இன்னொருவன் தலைவைத்துத் தூங்குவதையும் யாரும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார்கள். மனசில் ஒன்றும் இல்லாதவர்களுக்கு அதெல்லாம் இலவசம். எங்கள் இரண்டு பேருக்குத்தான், உள்ளே இருப்பது வெளியே தெரிந்துவிடுமோ என்ற நடுக்கம். அதனால் ஸ்டேஷனில் ஆளுக்கொரு தூண் பக்கம் நிற்போம். அது என் ஏற்பாடு. ரொம்பப் புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் புத்திசாலித்தனம்தான் ஊர் கண்ணை உறுத்தியிருக்கிறது. ஒரு சனிக்கிழமை அம்மா கேட்டாள்.

"இன்னாடா, உனக்கும் அந்த மாடி ரூம் பையனுக்கும் சண்டையா?"

"யார் சொன்னா?"

"பக்கத்து ஊட்டு அக்காதான் சொல்லுச்சு. ஸ்டேஷன்ல ஆளுக்கொரு மூலையில நின்னுகினு கீறீங்களாமே. ஃபிரண்டுன்னா தோள்ல கைய போட்டுகினு நிக்காம இன்னாடா இது? பாவம், தனியா கீற பையன். இந்த கொயம்ப குடுத்துட்டு ராசியா பேசிட்டு வா."

சங்கரா மீன் குழம்புத் தூக்கோடு மாடி ஏறினேன். கதவு திறந்திருந்தது. அவன் கீழே தண்ணீர் கேன் எடுக்கப் போயிருந்தான். கண்ணாடிப் பெட்டியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, பக்கத்தில் போன் ஒரு வீடியோவில் நின்றிருந்தது. எங்கள் ஸ்டேஷன். அதே பெஞ்சு. அவன் உட்கார்ந்திருக்கிறான், அவன் தோளில் தலைவைத்து, கண்ணை மூடிக்கொண்டு இன்னொருவன். அவன் கம்பெனியில் கூட வேலைசெய்கிற சுருட்டை முடிக்காரன். ஆரம்பாக்கத்துத் தெலுங்குக்காரன், ஆளைப் பார்த்தால் "நைனா, நைனா" என்று ஒட்டிக்கொள்வான். அடுத்த மாசம் கல்யாணம், பத்திரிகைகூட எனக்குக் கொடுத்திருந்தான். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, வயிறு எரிந்தது. கண்ணாடிப் பெட்டியின்மேல் இருந்த தாளில் மழைக்கோட்டுக்காரனுக்குச் சுருட்டை முடி முளைத்திருந்தது. நான் வெல்டிங் வைத்த பெட்டியில், என் வெளிச்சத்தில், எவனோ ஒருத்தன் சாய்ந்துகொண்டிருந்தான்.

தண்ணீர் கேனோடு அவன் வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"இவன் எதுக்குடா உன் மேல சாயறான்?"

"நீ வரமாட்டேன்னியே. ஆளு வேணுமில்ல."

"கண்ண வேற மூடிகினு கீறான்."

"தூக்கம் வந்துச்சாம். அவன் அப்பிடியே தூங்கிட்டான்டா."

"உன் கை எங்க கீது பாரு. அவன் முதுகு பின்னால."

"பெஞ்சு மேல கீது. கண்ண தொறந்து பாரு."

அவன் சிரித்திருந்தால் சண்டை அங்கேயே முடிந்திருக்கும். சிரிக்கவில்லை. கேனை இறக்கி வைத்தான்.

"நான் உன்னதான கேட்டேன்? எத்தினி தபா கேட்டேன்? யார வெச்சு வேணா என்னால வரைய முடியும். ஆனா படம் முடிஞ்சிடுச்சுன்னா அதுல கீறது அவன்தான். நீ இல்ல. நீ தூணுக்கு பின்னாலயே நின்னுகினு இரு. எனக்கு பேஜாராயிடுச்சுடா. படத்துக்கு மட்டும் சொல்லல."

கடைசியாகச் சொன்னதுதான் என்னை உலுக்கிவிட்டது. குழம்பை வைத்துவிட்டு இறங்கினேன். ராசியாகிவிட்டோம் என்று அம்மாவிடம் பொய் சொன்னேன்.

அந்த வாரம் ஆலையில் நான் மனுஷனாக இல்லை. டீ நேரத்தில் ஹெல்ப்பர் பசங்கள் இரண்டு பேர் முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்து ஒரே போனில் ரீல்ஸ் பார்த்தார்கள். வேலை நேரத்தில் என்ன கொஞ்சல் என்று எரிந்து விழுந்தேன். "டீ டைம்தானண்ணா" என்றான் ஒருவன். சாய்கிறவர்களையெல்லாம் பிடிக்காமல் போய்விட்டது. அந்தச் சுருட்டை முடிக்காரனுக்கு இழக்க ஒன்றுமில்லை, அதனால் தூங்கவே முடிகிறது. என்னால் தூங்க முடியாது. ஆனால் அந்தத் தோள் என்னுடையது. அவனுக்கு இனாமாகக் கொடுத்துவிட்டு நான் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பதா?

வியாழக்கிழமை போன் செய்தேன். "நான் வரேன். அவன வெச்சு வரைஞ்சதெல்லாம் கிழிச்சிடு."

"மொதல்ல வா" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை போனால், வீடியோ எடுக்க வந்து நிற்பவன் சுருட்டை முடிக்காரன். என் நேரம். எனக்குப் பாடம் வேறு எடுத்தான்.

"ண்ணா, ஒண்ணுமே இல்ல நைனா. அப்பிடியே சாஞ்சிடு. நான்லாம் தூங்கிட்டேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேம்பாலப் படியைப் பார்த்தேன். டிக்கெட் கவுண்டர் பக்கம் பார்த்தேன். மீன் கூடையோடு நின்ற பெண்களைப் பார்த்தேன். மறுபடியும் மேம்பாலத்தைப் பார்த்தேன். அப்புறம் சாய்ந்தேன். அவன் சட்டையில் சோப்பு வாசனை. ஒலிபெருக்கி கரகரத்ததும் நிமிர்ந்துவிட்டேன். அவ்வளவுதான், அதற்குள் முடிந்துவிட்டது.

"இன்னாண்ணா, திருடன் மாதிரி முழிக்கிற? இன்னொரு தபா எடுக்கலாம்" என்றான் சுருட்டை.

"வேணாம்" என்றான் என்னுடையவன். "இதான் வேணும்."

படம் முடிந்து, சென்னையில் ஒரு சின்ன ஹாலில் இப்படிப்பட்ட படங்களாகவே சேர்த்துப் போட்டார்கள். மூன்று பேரும் போனோம். சுருட்டை முடிக்காரனை நடுவில் உட்கார வைத்தது நான்தான். புத்தி போகவில்லை.

விளக்கை அணைத்தார்கள். மழைக்கோட்டுக்காரன் வந்தான். என் தலைமுடி. என் நடை. எனக்கு இப்படி ஒரு கூன் இருப்பதே அன்றுதான் தெரிந்தது. மழை கொட்டியது, கோட்டைக் கழற்றினான். பெஞ்சில் உட்கார்ந்து மேம்பாலத்தைப் பார்த்தான், கவுண்டரைப் பார்த்தான், மீன்காரப் பெண்களைப் பார்த்தான், திரும்ப மேம்பாலத்தைப் பார்த்தான். ஹாலில் லேசாகச் சிரித்தார்கள். சாய்ந்தான். சிரிப்பு நின்றது.

அப்புறம் ஒலிபெருக்கி கரகரத்தது. நான் நிமிர்ந்த இடம் அது. அவன் நிமிரவில்லை. வண்டி வந்தது, ஜனம் இறங்கியது, வண்டி போனது. என் முகத்தை வைத்துக்கொண்டு, என் முதுகை வைத்துக்கொண்டு, அந்தக் காகிதப் பயல் என் ஆளின் தோளில் கிடந்தான். இந்தப் படத்தை எந்த ஊரில் போட்டாலும், எத்தனை தடவை போட்டாலும் அவன் சாய்வான். நான் ஒரே ஒரு தடவை, அதுவும் அரைகுறையாக. சுருட்டை முடிக்காரன் மேல்கூட எனக்கு அவ்வளவு எரிந்ததில்லை.

"எயுந்திரு" என்றேன் சுருட்டையிடம்.

"இன்னாண்ணா?"

"எடம் மாறு."

முனகிக்கொண்டே மாறினான். நான் நடு நாற்காலிக்கு வந்தேன். என்னுடையவன் திரும்பிப் பார்க்கவில்லை. கண் திரையில் இருந்தவன்மேலேயே இருந்தது, அதற்கும் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் என் பக்கத்துத் தோளைக் கொஞ்சம் இறக்கிக் கொடுத்தான். சாய்ந்தேன்.

படம் முடிந்து விளக்கைப் போட்டார்கள். கைதட்டினார்கள். எடுத்தவன் யார் என்று முன்வரிசையில் இருந்தவர்களெல்லாம் திரும்பி எங்களைப் பார்த்தார்கள். என் காது சுட்டது. அந்தப் பயல் கடைசிவரை நிமிரவில்லை. நான் மட்டும் எதற்கு நிமிர வேண்டும்?