கலாவதி ரப்பர் எடுக்கவில்லை

போதுமான காலம் பேசாமல் இருந்துவிட்டேன். இனியும் இருந்தால் அதற்கு மரியாதை என்று பெயர் இல்லை. கலாவதியை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அறிந்தும் அறியாதவர்போல் நடப்பவர்களும் படிக்கலாம்.

செய்தி எங்கள் ஃபால்ட் குரூப்பில் வந்தது. நெய்வேலி டவுன்ஷிப்பிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வீடுகளுக்கு இணைய இணைப்புக் கொடுக்கும் ஒரு தனியார் கம்பெனியில் நாங்கள் வேலை பார்க்கிறோம். கம்பெனியின் பெயர் இங்கே தேவையில்லை. எந்த பிளாக்கில் சிக்னல் இல்லை, எந்தக் கம்பத்தில் கேபிள் அறுந்தது என்று விடிந்ததிலிருந்து செய்திகள் வந்துகொண்டே இருக்கும் வாட்ஸாப் குழு அது. அன்று காலை இரண்டு புகார்களுக்கு நடுவே ஒரு வரி இருந்தது: ‘ஸ்டோர் கலாவதி அக்கா எக்ஸ்பயர்ட்.’ அதன் கீழே ஒருவர் கட்டைவிரல் படம் போட்டிருந்தார். அந்தக் குழுவில் அதற்கு ‘பார்த்துவிட்டேன்’ என்று பொருள். அடுத்த நிமிடமே புதுப் புகார் வந்து கலாவதியை மேலே தள்ளிவிட்டது.

கலாவதிக்கு ஊர் காடாம்புலியூர். முந்திரித் தோப்பு வைத்திருந்த குடும்பமல்ல. அடுத்தவர் தோப்பில் கொட்டை பொறுக்கிய குடும்பம். சீசனில் ஊரிலிருந்து பருப்பு வாங்கி வந்து அலுவலகத்தில் விற்பார். முழுப் பருப்பு என்று சொல்லித்தான் கொடுப்பார். பொட்டலத்தைப் பிரித்தால் மேலே முழுசும் அடியில் உடைசலுமாக இருக்கும். கேட்டால், “வழில ஒடஞ்சிருக்கும் சார். பண்ருட்டி பஸ்ஸு அப்புடி” என்பார். குரல் உரத்தது. பிடிக்காதவர்களை முகத்துக்கு நேராகவே திட்டுவார். முதல் ஒரு வருடம் எங்கள் இருவருக்கும் ஆகவே ஆகாது. செத்துப்போனார் என்பதற்காக அவரைத் தெய்வமாக்க எனக்கு விருப்பமில்லை. அந்த வேலையைச் செய்ய வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

அவர் பொறுப்பில் இருந்தது சாமான் ஸ்டோர். கேபிள் சுருள், குழாய், கிளாம்பு, ஜாயின்ட் பாக்ஸ் எல்லாம் அவர் கை தாண்டித்தான் வெளியே போகும். ஜாயின்ட் பாக்ஸ் என்பது ஒரு கறுப்புப் பெட்டி. இரண்டு கேபிள்கள் சேருமிடத்தில், தலைமயிர் கனத்தில் இருக்கும் கண்ணாடி இழைகளை ஒட்டி அதற்குள் வைத்து மூடுவோம். கேபிள் நுழையும் ஓட்டையைச் சுற்றி ரப்பர் வளையம் இறுக வேண்டும். கேபிள் போகாத ஓட்டையை ரப்பர் அடைப்பானால் அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால், மழையில் தரையடிக் குழி நிரம்பும்போது பெட்டிக்குள்ளும் தண்ணீர் போகும். இவ்வளவுதான் விஷயம். இதில் எம்.எஸ்ஸி. படித்தவனுக்கும் படிக்காதவனுக்கும் புரியாதது ஒன்றுமில்லை.

லைன்மேன் ஏழுமலை பெட்டி வாங்க வந்தால், எத்தனை கேபிள் உள்ளே போகிறது, எத்தனை ஓட்டை மிச்சம் என்று கேட்டு அடைப்பான்களை அவன் கையில் திணிப்பார்.

“இன்னாக்கா, ஒரே ஒரு ஓட்டைக்கு இம்மாம் பஞ்சாயத்தா?”

“உன் வூட்டுக் கூரைலயும் ஒரே ஓட்டதானடா? மழ பேய சொல்லோ அதுக்கு நேரா பாயப் போட்டுக்கினு படு.”

ஒருமுறை ஜாயின்ட் பாக்ஸ்களின் புது லாட் வந்தது. அட்டைப்பெட்டிகளைப் பிரித்தது கலாவதி, நான், ஏழுமலை மூவரும்தான். பெட்டி செய்த கம்பெனிக்காரன் ஒட்டிய டேப் கலையாமல் இருந்தது. வழக்கமாக ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ரப்பர் பாகங்கள் தனி உறையில் போட்டு வரும். அந்த லாட்டில் ஒரு பெட்டியில்கூட உறை இல்லை. கலாவதி ஒரு பெட்டியைத் தூக்கி, ஓட்டைக்குள் விரலை விட்டு ஆட்டினார்.

“இதுல தயிர்சோறு கூட கட்டிக்கினு போவ முடியாது சார். மடியெல்லாம் ஒழுவும்.”

மூவரும் சிரித்தோம். ஏழுமலை சத்தமாகச் சிரித்தான். அதை அவன் மறந்திருக்க மாட்டான்.

எங்கள் மேலாளருக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த லாட்டை வாங்கியவர் அவர். “மழைக்கு இன்னும் நாள் இருக்கு. கறுப்பு டேப்பச் சுத்தி மூடச் சொல்லுங்க” என்றார்.

“டேப்பு சுத்துனா மூடுன மாரி இருக்கும் சார். மூடுனது ஆவாது. ரப்பர் வர வரைக்கும் நான் குடுக்க மாட்டேன்” என்றார் கலாவதி.

கொடுக்கவும் இல்லை. அவர் ஒரு கல்யாணத்துக்காக விடுப்பில் போன நாளில், மாற்றுச் சாவி போட்டு அந்தப் பெட்டிகளை எடுத்துப் போய்விட்டார்கள். ஊரெல்லாம் டேப் சுற்றிய பெட்டிகள் குழிக்குள் இறங்கின.

மழை வந்தது. கடலூர் மாவட்டத்து மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குழிகள் நிரம்பின, பெட்டிகள் நிரம்பின, தெருத் தெருவாக இணைப்பு செத்தது. சென்னையிலிருந்து முதலாளி வந்து காரணம் கேட்டார். மேலாளர் யோசிக்கவே இல்லை: “லாட் முழுசாத்தான் வந்துச்சு. ரப்பர் எல்லாம் ஸ்டோர்லதான் காணாமப் போயிருக்கு. வெளில நல்லா விலை போகும்.”

விசாரணை என்று ஒன்று நடந்தது. நான் கண்டதைச் சொன்னேன். மேலாளர் முதலாளியைப் பார்த்துப் புன்னகைத்தார். “சாருக்கு என் மேல இருக்கிற கோவம் எல்லாருக்கும் தெரியும். இந்தச் சீட்டு கிடைக்கலன்னு இன்னும் தூக்கம் வரல.” அறையில் எல்லோரும் சிரித்தார்கள். கோபம் உண்மைதான், மறுக்கவில்லை. அந்த நாற்காலி எனக்கு வர வேண்டியது. முதலாளியின் மைத்துனர் என்பதைத் தவிர அவருக்கு வேறு தகுதி கிடையாது. இதை நாளையும் சொல்வேன். ஆனால் கோபம் இருக்கிறவனுக்குக் கண் தெரியாமல் போய்விடுமா?

ஏழுமலையைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். “நான் வண்டியாண்ட நின்னுக்கினு இருந்தேங்க. பொட்டியப் பிரிச்சத பாக்கல” என்றான்.

கலாவதியை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். புகார் வாங்கும் கவுன்டரில் உட்கார வைத்தார்கள். தண்ணீர் புகுந்த பெட்டிகளுக்காக ஊரே வந்து அவரைத் திட்டியது. ஒருநாள் குவார்ட்டர்ஸ்காரர் ஒருவர், பையனின் ஆன்லைன் கிளாஸ் போன கோபத்தில், வரிசையில் நின்றபடியே கத்தினார்: “ரப்பர வித்துத் தின்னுட்டா லைன் எப்படிம்மா வரும்?” விசாரணை அறைக்குள் சொன்னது வெளியே எப்படிப் போனது என்று நான் கேட்கப்போவதில்லை. உரத்த குரல்காரி அன்று, “அடுத்தவங்க வாங்க” என்று மட்டும் சொன்னார்.

சாப்பாட்டு நேரத்தில் நான் மேலாளரிடம் போய்க் கத்தக் கிளம்பினேன். கலாவதி என்னைத் தடுத்தார்.

“நீங்க வாயத் தொறக்காதீங்க சார். நீங்க சொன்னா சண்டைன்றாங்க. இன்னும் கெட்டுப்பூடும். அவுரு மேலயும் எம்மேலயும் எந்தக் கோவமும் இல்லாத ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, அவ எடுக்கலன்னு சொல்லட்டும். எனக்கு அது போதும்.”

அதனால்தான் பேசாமல் இருந்தேன். அந்த ஒரு ஆள் வருவார் என்று அவர் கவுன்டரிலிருந்தே காத்திருந்தார். வயிற்றில் கட்டி என்று கண்டுபிடித்து, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த மாதங்களிலும் காத்திருந்தார். நான் பார்க்கப் போகும்போதெல்லாம், “ஆபீஸ்ல எதுனா சொன்னாங்களா சார்?” என்பார். முதலில் அவர் உடம்பைப் பற்றி விசாரித்தார்களா என்று கேட்கிறார் என்றே நினைத்தேன்.

யாரும் எதுவும் சொல்லவில்லை. செத்த பிறகு பேனர் வைத்தார்கள். ‘நேர்மையின் இலக்கணமே, எங்கே சென்றாய்?’ என்று பெரிய எழுத்து. கலாவதி படம் ஒரு மூலையில் சின்னதாக இருந்தது. கைகூப்பிய மேலாளர் படம் அதைவிடப் பெரிது. பேனரைக் கட்டக் கயிறு கொண்டுவராமல் எங்கள் கம்பத்தில், எங்கள் கேபிளோடு சேர்த்து முறுக்கிக் கட்டியிருந்தார்கள். மாலைக் காற்றில் பேனர் இழுத்த இழுப்பில் கேபிள் மடங்கி அந்தத் தெருவுக்கே சிக்னல் போய்விட்டது. சரிசெய்ய வந்தவன் ஏழுமலை.

“அக்கா இருந்தா இந்நேரம் ஊரையே ரெண்டாக்கியிருக்கும் சார்” என்றான்.

“இப்பவாவது சொல்லேன் ஏழுமல. உன் எதிர்லதான பிரிச்சோம்?”

ஏணியில் நின்றபடி கீழே பார்க்காமலே பதில் சொன்னான். “அது பூட்டுது சார். எனக்குக் கான்ட்ராக்ட் ரினியூவல் வருது. இன்னும் பர்மனென்ட் ஆவல.” அவனைத் திட்ட நினைத்தேன். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கலாவதியின் கணவர் மைன்ஸில் ஒப்பந்த வேலை பார்த்தவர். அழுத்தம் திருத்தமாகப் பேசத் தெரியாத மனிதர். கருமாதி முடிந்து நான் போனபோது, அந்தப் பேனரைக் கழற்றி வந்து மடித்து பீரோவுக்குள் வைத்திருந்தார். எடுத்துக் காட்டினார்.

“நேர்மன்னு போட்டுட்டாங்க பாத்தீங்களா? அவங்களே போட்டுட்டாங்க. இது ஒண்ணு போதும் சார் எனக்கு. அவ பாக்காம பூட்டா, அதான்.”

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? அந்த வாசகம் பண்ருட்டியில் பேனர் அடிக்கும் கடைக்காரர் தயாராக வைத்திருப்பது. எங்கள் பழைய டிரைவர் இறந்தபோதும் இதேதான் வந்தது. டீசல் திருடியதாக வேலையை விட்டு அனுப்பப்பட்டவர் அவர். பெயரையும் படத்தையும் மட்டும் மாற்றுவார்கள். கலாவதியின் கணவர் இந்தப் பக்கங்களைப் படிப்பவரல்ல. உங்களில் யாரும் அவருக்கு இதைப் படித்துக் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்களிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்.

கலாவதியிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு கேலி. ஒருநாள் கவுன்டரில் நான் யார் யார் எனக்குத் துரோகம் செய்தார்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “உங்க கோவத்துக்குத் தனியா ரேஷன் கார்டே வாங்கலாம் சார். அம்மாம் பெரிய குடும்பமா இருக்குது” என்றார். அன்று அதற்காகவும் அவர் மேல் கோபப்பட்டேன். இன்று வீட்டில் தனியாக இருக்கும்போது நினைத்துச் சிரிக்கிறேன். பிறகு அந்தக் குடும்பத்தில் ஏழுமலையைச் சேர்ப்பதா வேண்டாமா என்று யோசிக்கிறேன்.

இதனால் எதுவும் மாறப்போவதில்லை. மேலாளருக்குப் பதவி உயர்வு வந்துவிட்டது. தண்ணீரை வடித்து மறுபடி டேப் சுற்றிய அதே பெட்டிகள் இன்னும் குழிக்குள்தான் கிடக்கின்றன, ஐப்பசி வரப்போகிறது. இதை டவுன்ஷிப் குடியிருப்போர் ஃபேஸ்புக் பக்கத்தில் போடப்போகிறேன். பெயரை மறைத்துப் போட அதில் வசதி இருக்கிறது. பயத்தால் மறைக்கவில்லை. என் பெயரைப் பார்த்தால் என் கோபத்தைத்தான் படிப்பீர்கள், அவரைப் படிக்க மாட்டீர்கள். யார் எழுதியது என்று பாதியிலேயே கண்டுபிடித்திருப்பீர்கள் என்பதும் தெரியும். கோபமில்லாத ஓர் ஆளைக் கேட்டார் கலாவதி. இந்த ஊரில் அப்படி ஒருவரும் அகப்படவில்லை. பெயரில்லாத ஆளாகத்தான் என்னால் வர முடிகிறது.