கோணிய சில்லு

அச்சகத்து மை வாசம் களைப்பைக் கூட்டியது. ஒரு மாதமாக வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி ஊற்றிக் கை ஓய்ந்திருந்தது. அப்பா இறந்த முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் நினைவுப் புத்தகமான கல்வெட்டுக்குப் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கடைசிப் பக்கம் வெறுமையாக் கிடக்கு, அக்கா. என்ன போடுறது?” என்றார் அச்சகக்காரர்.

பெரியப்பாவின் கல்வெட்டிலும் கடைசிப் பக்கம் வெறுமையாகத்தான் போனது. அப்போது எனக்குப் பத்து வயது. உடுப்பிட்டி வீட்டு விறாந்தையில் அப்பா அதற்கு வெண்பா எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நான், பெரியப்பா வழக்கமாகச் சொல்கிற சொற்களாலேயே கொப்பித் தாளில் அவருடைய சைக்கிளை வரைந்தேன். “பொறு பிள்ளை, கெதியா வாறன்” என்பதை வட்டமாக வளைத்ததில் முன்சில்லு கோணிப்போனது.

“உதென்ன விளையாட்டு? செத்தவீட்டுப் புத்தகமடி,” என்று அப்பா தாளைத் தள்ளிவிட்டார்.

பெரியம்மா அதை எடுத்து, எழுத்துகளின் மேலே விரலை வைத்துச் சில்லைச் சுற்றி வந்தார். “அவரின்ர சைக்கிள் முன்சில்லும் உப்பிடித்தான் ஆடும்,” என்றார். அதுவரை அழாமல் இருந்தவர் அப்போது அழுதார்.

அச்சகக்காரரிடம் ஒரு தாள் வாங்கினேன். ‘உதென்ன விளையாட்டு’ என்பதைத் திரும்பத் திரும்ப வளைத்தெழுதி, அப்பாவின் மூக்குக்கண்ணாடியை வரைந்தேன். இடப்பக்க வட்டம் கோணிவிட்டது. அப்படியே அச்சடிக்கச் சொன்னேன்.